மேனேஜரை வெளியேற்றும் படலம்

"இனிமே இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லேன்னா மேனேஜர் இருக்கணும்" என்று சர்வேயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். நின்றுகொண்டுதான் எடுத்தார். உட்கார்ந்து எடுக்கலாம் என்றால், அவருடைய நாற்காலியில் மேனேஜர் படுத்திருந்தது.

மேனேஜர் என்பது நாய். பழுப்பு நிறம், தொங்கும் காது, எதற்கும் அசராத வயிறு. மனைவியின் தங்கை, நாய் வளர்க்கக் கூடாத அடுக்குமாடி ஒன்றுக்குக் குடிபோனபோது, "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கோக்கா" என்று கொண்டுவந்து விட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் மழைக்காலமே இரண்டு தடவை வந்துபோய்விட்டது. பெயர் வைத்தவர் சர்வேயர். நாளெல்லாம் தூங்குகிறது, எழுந்தால் காரணமில்லாமல் குரைக்கிறது, நல்ல நாற்காலியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. அதைப் பார்த்ததும் அவருக்கு அலுவலகத்தில் ஒருவர் நினைவுக்கு வந்தார். பெயர் தானாக அமைந்துவிட்டது.

அவர் நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல, இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை, நசுங்கிய கார், நனைந்த மூட்டை என்று எதைக் காட்டினாலும் "இது எப்படி ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "இதை யார் பண்ணினது?" என்றுதான் கேட்பார். தெருவில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கமாட்டார். பின்பக்கம் சட்டை கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். "ஐயோ, என்னால முடியாதும்மா" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவர்களைக் குரல் உயர்த்தாமல் மாடிப்படி ஏற வைப்பது அவள் தொழில். காலையிலும் மாலையிலும் மேனேஜரை வெளியே நடத்திக் கூட்டிப்போவதும் அவள்தான். "ஒரு வேளையாவது நீங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "மேனேஜர் பின்னாடி நடக்கறது ஆபீஸோட போதும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று அவர் முழு ஏற்பாட்டோடு வந்திருந்தார். கடிபட்ட செருப்பு, நார் நாராகிப் போன தலையணை, பிளாஸ்டிக் முனை இல்லாத குடை எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். விபத்து நடந்த இடத்தைப் போல ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்திருந்தார்.

"பாரும்மா. இதெல்லாம் சேதாரம். இந்த நாய் போகணும்."

மனைவி செருப்பைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். "அனுப்பிடலாம்."

சர்வேயருக்குத் திக்கென்றது. அவள் அழுவாள், தங்கையைக் கூப்பிடுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். சரி என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவில்லை. அவர் அனுபவத்தில், கேட்டதும் சரி என்ற ஆள் ஒருத்தன்கூட யோக்கியனாக இருந்ததில்லை.

"எதுக்குச் சரிங்கற?"

"நீங்க போகணும்னீங்க, நான் சரின்னேன்."

"அதான் எதுக்கு?"

"வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"என்கிட்ட முட்டி வலிக்கு வர்றாரே, கோடவுன்காரர், அவர்கிட்டச் சொன்னா வாங்கிக்குவார். கோடவுன்ல ராத்திரி குரைக்க ஒண்ணு வேணும் இல்லையா? ஆனா ஒண்ணுங்க. பூங்காவுல நாய்ப் பயிற்சி க்ளப் இருக்கு. நான் மேனேஜரை அதுல சேர்த்துட்டேன். அடுத்த மாசக் கடைசில அங்க தேர்வு. அதுல பாஸ் பண்ணிட்டா இருக்கட்டும். ஃபெயிலானா கோடவுன். நியாயம்தானே?"

சர்வேயர் மேனேஜரைப் பார்த்தார். அது தூக்கத்தில் ஒரு காலை மட்டும் உதறியது. இது பாஸ் பண்ணுவதா? இதற்குத் தன் பெயரே இன்னும் தெரியாது. கூப்பிட்டால் வராது, தட்டு சத்தம் கேட்டால்தான் வரும்.

"நியாயம்" என்றார்.

"ஆனா நீங்க அந்தப் பக்கம் வந்துடாதீங்க. உங்களைப் பார்த்தா அதுக்குக் கவனம் சிதறிடும்."

அவருக்கு மூக்கு வியர்த்தது. வராதே என்கிறாள். ஏன்? அங்கே என்ன நடக்கிறது? நடுவருக்கு இப்போதே வலை வீசுகிறாளா? தேர்வே ஒரு செட்டப்பா?

அடுத்த ஞாயிறு அவள் நாயோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சர்வேயரும் கிளம்பினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வாயை மறைக்க ஒரு கைக்குட்டை. பூங்காவில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு நாய்கள், அதே அளவுக்கு மனிதர்கள். நடுவில் கழுத்தில் விசில் தொங்க, வெள்ளை ஷூ போட்ட ஓர் அம்மாள் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். க்ளப்பில் எல்லாருக்கும் அவள் விசிலம்மா. நாயிடமும் மனிதரிடமும் ஒரே தொனியில்தான் பேசுவாள். அவள் "உட்காரு!" என்றால் நாய்கள் உட்காருகின்றனவோ இல்லையோ, உரிமையாளர்களில் ரெண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

சர்வேயர் பூங்கா விதிகள் எழுதிய பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பலகை இடுப்பு வரைக்கும்தான் மறைத்தது. கால் இரண்டும் கீழே தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்று விசிலம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "நாய்க்குத் தமிழும் தெரியாது, எந்த மொழியும் தெரியாது. வார்த்தைக்கு நாம குடுக்கறதுதான் அர்த்தம். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம், தினமும் அதே அர்த்தம். சொன்னதைச் செஞ்ச அந்த நொடியே வாயில தீனி விழணும். நீங்க பாக்கெட்டைத் தேடி எடுத்துக் குடுக்கறதுக்குள்ள அது வேற எதையோ செஞ்சிருக்கும். அதுக்குத்தான் பரிசுன்னு நினைச்சுக்கும். அடிச்சா பயம்தான் வரும், படிப்பு வராது. கொஞ்ச நேரம் பழக்குங்க, நிறுத்துங்க, மறுபடி பழக்குங்க. தொங்கற காது உள்ள நாய்க்குக் குளிப்பாட்டினதும் காதைத் துடைங்க, முகர்ந்து பாருங்க. தலையை உதறிக்கிட்டே இருந்தா வீட்டு வைத்தியம் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க."

பலகைக்குப் பின்னால் சர்வேயருக்கு ஒரு வெளிச்சம் அடித்தது. ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். நாம் கொடுப்பதுதான் அர்த்தம். அப்படியென்றால், அர்த்தத்தையே மாற்றிக் கொடுத்துவிட்டால்?

அந்தச் சமயத்தில் அவர் கணுக்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மேனேஜர். பின்னாலேயே விசிலம்மா வந்து நின்றாள்.

"யார் சார் நீங்க?"

"நடைப்பயிற்சி" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"நின்னுக்கிட்டேயா?"

"இப்பதான் ஆரம்பிக்கறேன்."

மனைவி தூரத்தில் யாரோ ஒருவருடைய நாய்க்குக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தன் நாய் எங்கே போயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நடந்தும் ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது சாதாரண விஷயமா என்று சர்வேயர் வீடு போகும் வழியெல்லாம் யோசித்தார். கடைசியில், கவனக்குறைவு என்று முடிவு கட்டினார்.

மறுநாள் மாலை, அவள் கிளினிக்கில் இருக்கும் நேரம் பார்த்து வேலை ஆரம்பமானது. நாய் பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மேனேஜர், உட்காரு" என்றார். மேனேஜர் பேசாமல் நின்றது. உடனே ஒரு பிஸ்கட். மறுபடி "உட்காரு." நின்றது. இன்னொரு பிஸ்கட். "எழுந்திரு" என்று சொல்லி முதுகை மெல்ல அழுத்தி உட்கார வைத்தார். பிஸ்கட். இப்படியே "வா" என்றால் ஓடிப்போக வேண்டும், "வராதே" என்றால் பாய்ந்து வர வேண்டும். "நகராதே" என்றால் கிளம்பி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், "ஓடு" என்றால் சிலை. "சாப்பிடு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், "தொடாதே" என்றால் தட்டைக் காலி பண்ண வேண்டும்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒருநாள்கூடத் தவறவில்லை. அலுவலகத்திலிருந்து நேரே வீடு, கை கால் கழுவியதும் பயிற்சி. வீட்டுக்குள் "நகராதே" பழக்க இடம் போதாததால் தெருவுக்கு அழைத்துப்போனார். தெரு போதாமல் பெரிய சாலை சுற்றி வந்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். நாயோடு நடக்கிறார் என்று நினைத்தார்கள். நாயைக் கெடுக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் சட்டைப் பையிலிருந்த கைபேசி தானாகவே அழைப்பை எடுத்துவிட்டது. அந்தப் பக்கம் நிஜ மேனேஜர். "மேனேஜர்! எத்தனை தடவை சொல்றது? எழுந்திருன்னு சொன்னா பொத்துனு உட்காரணும். வாலை ஆட்டினதெல்லாம் போதும்" என்பதை அவர் முழுவதுமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த நாள் அவர் அறைக்குள் சர்வேயர் நுழைந்தபோது, அவர் எழுந்திருப்பதா உட்காருவதா என்று ஒரு கணம் தடுமாறியது போல் இருந்தது.

வீட்டில் சந்தேகத்துக்கு இடமான சங்கதிகள் பெருகிக்கொண்டே போயின. டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. சர்க்கரையில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனைவி, இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சர்வேயரே வாயைக் கிண்டிப் பார்த்தார்.

"பிஸ்கட் வேகமாத் தீருது போல?"

"ஆமாங்க. எலி வந்திருக்கு."

"எலியா?"

"பெரிய எலியா இருக்கும்னு நினைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் பெரிய டப்பா ஒன்று வாங்கிவந்து, கைக்கெட்டும் கீழ்த்தட்டில் வைத்தாள். எலி பயம் உள்ளவள் மேல்தட்டில் அல்லவா வைப்பாள்? சர்வேயர் ஒரு முழு மாலை இதை ஆராய்ந்தார். மேல்தட்டு அவளுக்கு எட்டாது என்று பட்டது. மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் க்ளப்பிலிருந்து சோர்ந்து வந்து சோபாவில் விழுவாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தேறலைங்க. உட்காருன்னா நிக்குது. வான்னா ஓடுது. விசிலம்மாவே தலையில கை வச்சுட்டாங்க."

"அடடா" என்பார் சர்வேயர். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவருக்குப் பேப்பர் தேவைப்பட்டது. அதற்குப் பின்னால்தான் சிரிக்க முடிந்தது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு மாலை, மேனேஜர் பயிற்சிக்கு வரவில்லை. டப்பாவைத் திறந்த சத்தம் கேட்டும் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதறி உதறிக்கொண்டிருந்தது. நடிக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தார். கை வைத்தால் விலா எலும்பு அடிபட்டதாக அலறி, பணம் வந்ததும் கிரிக்கெட் ஆடப்போன ஆசாமிகளை அவர் பார்த்திருக்கிறார். டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து, காது மடலைத் தூக்கி, முகர்ந்து பார்த்தார். நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே சிவந்திருந்தது.

விசிலம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மனைவிக்கு ஃபோன் போட்டார். அவள் எடுக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதன் கனம் அவ்வளவு என்று அதுவரை தெரியாது. நாற்காலிதான் பாவம், இத்தனை நாள் வாய் திறவாமல் தாங்கியிருக்கிறது.

கால்நடை மருத்துவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "தண்ணி தங்கி சீழ் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உள்காது போயிருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார் சர்வேயர். "வேற ஏதாவது காரணம் இருக்கலாம் இல்லையா?"

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"இன்ஷூரன்ஸ்."

"அதானே பார்த்தேன்" என்று மருத்துவர் சொட்டு மருந்தை எடுத்தார். "நீங்களே பிடிச்சுக்கோங்க. காதுவலி வந்த நாய் வேற யாரையும் தலையைத் தொட விடாது, கடிச்சுடும். உங்களை விடுது பாருங்க."

மேனேஜர் முகவாயை அவர் முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு நடுங்கியது. கடிக்கவில்லை. சர்வேயருக்கு உள்ளுக்குள் எங்கேயோ ஏதோ ஒன்று சேதமானது. எத்தனையோ சேதங்களை மதிப்பிட்டவருக்கு இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேளை தவறாமல் அவர்தான் மருந்து விட்டார். மனைவி "நான் விடறேனே" என்றால் "உனக்குப் பிடிக்கத் தெரியாது" என்பார். அவளும் "அதுவும் சரிதான்" என்று போய்விடுவாள். காது ஆறியது.

அடுத்து ஒருநாள் அலுவலக வேலையாகப் போகிற மாதிரி கோடவுன் பக்கம் போனார். போகிற இடம் எப்படி என்று தெரிய வேண்டாமா? தகரக் கூரை. நிழல் கிடையாது. கேட்டுக்கு உள்ளே தரையில் இரும்பு வளையம், அதில் துருப்பிடித்த குட்டைச் சங்கிலி. ஒரு நாய் படுத்துத் திரும்பக்கூட அந்த நீளம் பற்றாது. சர்வேயர் வளையத்தை ஆட்டிப் பார்த்தார். அழுத்தமாகத்தான் அடித்திருக்கிறார்கள்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தார்.

"அந்தக் கோடவுன் ஆள்... ஆளு எப்படி?"

"நல்ல மனுஷர்ங்க."

"நல்ல மனுஷன்னு மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா? அவசரப்பட்டு ஒரு உயிரை..."

"என்னங்க, இப்ப வேண்டாங்கறீங்களா?"

மேஜைமேல் வைத்த செருப்பும் தலையணையும் அவர் கண்முன் வந்தன. அத்தனை போட்டோ எடுத்தவர் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

"நான் எங்க வேண்டாம்னேன்? சும்மா கேட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க ஒரு முடிவெடுத்தா எடுத்ததுதானே. நானும் அவர்கிட்டச் சொல்லிட்டேன். எப்படியும் ஃபெயில்தான், ஞாயித்துக்கிழமையே அனுப்பிடலாம்."

அன்றிலிருந்து சர்வேயர் மாற்றிக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். "உட்காரு" என்று சொல்லி உட்கார வைக்க முயன்றார். மேனேஜர் நின்றுகொண்டு, இத்தனை நாள் நன்றாக இருந்த மனுஷருக்கு என்ன வந்தது என்பது போல அவரையே பார்த்தது. பாழாய்ப்போன நாய், அவ்வளவு சுத்தமாகப் பாடம் படித்திருந்தது. சொல்லிக்கொடுத்தவரும் அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

தேர்வு நாள் காலை, மனைவி குளியலறையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். கணுக்காலில் கட்டு. கடையில் விற்கிற பொம்மைக்குச் சுற்றினதுபோல அழகான கட்டு.

"வழுக்கிடுச்சுங்க. நடக்க முடியலை. தேர்வுக்குப் போக வேண்டாம், விட்டுடுங்க. வராத நாய் ஃபெயில்னு போட்டுக்குவாங்க. நேரா கோடவுனுக்கே அனுப்பிடலாம்."

"அதெப்படி? தேர்வே எழுதாம ஃபெயிலா?" என்று சர்வேயர் சீறினார். "லீஷ் எங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..."

"லீஷ் எங்கேன்னு கேட்டேன்!"

நாயைப் பிடித்துப் போகிற அந்த வார் கதவுப் பிடியிலேயே தொங்கியது. கூடவே அவருடைய தொப்பியும்.

பூங்காவில் கூட்டம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி மனிதர், அட்டையும் பேனாவுமாக, எதையும் நம்பாத முகம். வேறு சமயமாக இருந்தால் சர்வேயருக்கு அவரைப் பிடித்துப்போயிருக்கும்.

"முதல்ல நாயை உட்கார வைங்க" என்றார் நடுவர்.

சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "உட்காரு" என்றார். மேனேஜர் உடனே நிமிர்ந்து நின்றது, வாய் திறந்து பிஸ்கட்டுக்குக் காத்திருந்தது. கூட்டத்தில் யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். நடுவரின் பேனா அட்டையை நோக்கி இறங்கியது.

சர்வேயர் கண்முன் தகரக் கூரை தெரிந்தது. குட்டைச் சங்கிலி தெரிந்தது. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"எழுந்திரு!"

மேனேஜர் பொத்தென்று உட்கார்ந்தது. பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"எழுந்திருன்னேன் சார்."

"அது உட்கார்ந்திருக்கே?"

"ஆமாம் சார். எங்க வீட்டுல அப்படித்தான்."

நடுவர் விசிலம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "சார், எந்த வார்த்தைன்னு விதியில கிடையாது. நாய் கேட்குதாங்கறதுதான் கணக்கு" என்றாள்.

"சரி. இப்ப அதை அங்கேயே இருக்க வச்சுட்டு, நீங்க மட்டும் அந்த மரம் வரைக்கும் போங்க."

சர்வேயர் நாயைப் பார்த்து, "ஓடு! ஓடிப்போ! நிக்காதே!" என்று கத்திவிட்டு மரத்தை நோக்கி நடந்தார். மேனேஜர் கல்லாய் இருந்தது. பக்கத்தில் ஒரு பூனை போனது. அப்போதும் கல்.

"கூப்பிடுங்க."

சர்வேயர் கைகளை விரித்தார். குரல் உடைந்தது. "வராதே! மேனேஜர், என் மூஞ்சிலயே முழிக்காதே! வராதே!" மேனேஜர் காது இரண்டும் பறக்க, புல்வெளி முழுவதும் தாண்டி ஓடிவந்து அவர் மார்பில் பாய்ந்தது. கூட்டத்தில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசிச் சோதனை தீனி. தட்டு நிறைய வேகவைத்த கோழித் துண்டுகளைப் புல்லில் வைத்தார்கள். உரிமையாளர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நாய் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். இதுவரை வந்த எந்த நாயும் தாங்கவில்லை.

"சாப்பிடு" என்றார் சர்வேயர். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கோழிடா. எடுத்துக்கோ. உனக்குத்தான் சாப்பிடு." மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டது. எச்சில் கோடாக ஒழுகியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வேண்டாம்னு சொல்லிச் சாப்பிடாம இருக்கற நாயைப் பார்த்திருக்கேன். கெஞ்சியும் சாப்பிடாத நாயை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று முதலிடம் எழுதினார்.

விசிலம்மா வந்து கையைக் குலுக்கினாள். "ஒரு நாய் எல்லாத்தையும் தப்பாவே, ஒருதடவைகூடத் தவறாம செய்யுதுன்னா, அதுக்குப் பின்னாடி பெரிய வாத்தியார் ஒருத்தர் இருக்கணும்னு எனக்கு அப்பவே தெரியும். அடுத்த ஞாயிறுலேர்ந்து அடங்காத நாய்கள் வகுப்பு உங்களுது. விடியறப்ப வந்துடுங்க."

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் வாத்தியார் என்றதில்லை. யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஸ்டூல்மேல் ஏறி நின்று பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டு இருந்தது. வலது காலில் இருந்தது. காலையில் எந்தக் காலில் இருந்தது என்று சர்வேயர் நினைவுபடுத்திப் பார்த்தார். இடது.

"பாஸ் பண்ணிடுச்சாங்க?"

"முதலிடம்" என்றார், ஸ்டூலையே பார்த்துக்கொண்டு. "கோடவுன்காரர்கிட்ட நாய் கிடையாதுன்னு சொல்லிடு. நான் போய்ப் பார்த்தேன். அந்தச் சங்கிலியில மனுஷன் நாயைக் கட்டுவானா?"

"அது தள்ளுவண்டி திருடுபோகாம இருக்கக் கட்டற சங்கிலிங்க. அவருக்கு நாய்னாலே நடுக்கம். நாய் துரத்தி விழுந்துதான் முட்டியே போச்சு."

சர்வேயர் டப்பா இருந்த கீழ்த்தட்டைப் பார்த்தார்.

"அப்ப அந்த பிஸ்கட்..."

"எலி டப்பாவைத் திறந்து, தின்னுட்டு, மூடியைத் திருகியும் வச்சுட்டுப் போகுமாங்க?"

"உனக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் தடுக்கலை?"

"தடுக்கறதா? தினமும் வெளிய கூட்டிட்டுப் போனீங்க, காதுக்கு மருந்து விட்டீங்க, விளையாட்டுக் காட்டினீங்க. நான் ரெண்டு வருஷமாக் கெஞ்சி நடக்காதது. உங்களை நல்லது பண்ணச் சொன்னா நேரமில்லைம்பீங்க. கெடுக்கணும்னு இறங்கினா எவ்வளவு ஒழுங்காச் செய்யறீங்க!"

சர்வேயர் ஆண்பிள்ளையாக லட்சணமாக ஒரு முடிவெடுத்தார். க்ளப்பாவது வகுப்பாவது, இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அந்த நாயை இனி வெளியே கூட்டிப்போகிறவர் அவர் இல்லை. சொல்லியும்விட்டார். "சரிங்க" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறு விடியும் நேரம். மனைவி போர்வைக்குள்ளிருந்தே "மேனேஜர், வா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். மேனேஜர் அவளை விட்டு விலகி ஓடியது. சர்வேயர் படுத்திருந்த பக்கம் வந்து, வாயில் கவ்விய லீஷை அவர் முகத்தில் போட்டது.

"முடியாது" என்று சர்வேயர் எழுந்து உட்கார்ந்து விரலை நீட்டினார். "இன்னிக்கு மட்டுமில்லை, என்னிக்குமே முடியாது. நகராதே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மேனேஜர் ஆனந்தமாக ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவர் லுங்கி முனையைக் கவ்விக்கொண்டு வாசலை நோக்கி ஓடியது. அவரும் பின்னாலேயே ஓடவேண்டியிருந்தது. "நகராதே, நகராதே!" என்று அலற அலற வேகம் கூடியது.

போர்வைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. இது நேர் அர்த்தத்துலதான் சொல்றேன்."